பிரிந்த பிறகும் இருவருமாகக் குழந்தையை வளர்க்க: ஒப்பந்தம் பேசி எழுதும் முறை

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்கும் பல மனுக்களில் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தை அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளலாம்." நகைக்கும் சீர்வரிசைக்கும் பக்கம் பக்கமாகப் பட்டியல் போடுகிறவர்கள்கூட இந்த இடத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது என்று வாரா வாரம் போனில் சண்டை. பக்கத்து அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குழந்தை. அந்த ஒரு வரியை முழுத் திட்டமாக எப்படிப் பேசி எழுதுவது என்று தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. வீட்டில் அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்திருந்தால் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் இந்த வழி உங்களுக்கு வேண்டாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 21ஆம் பிரிவின் கீழ் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி உண்டு.

படி 1: சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டுப் பொறுப்பு என்று தனியாக ஒரு சட்டம் இந்தியாவில் இன்னும் வரவில்லை. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் பெற்றோர் தாங்களே பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தால், குழந்தைக்கு அது நல்லது என்று தோன்றும்போது நீதிமன்றம் ஏற்று உத்தரவாக்கும். இந்துத் திருமணச் சட்டத்தில் இதற்கு 26ஆம் பிரிவு இருக்கிறது. எந்த மதத்தவர் ஆனாலும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழும் போகலாம்.

ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (வயது வராதவர்) சட்டம். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன்தான் என்கிறது. அதனால் "அஞ்சு வயசு ஆயிடுச்சு, இனி பையன் எனக்குத்தான்" என்று சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே ரோசி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது.

படி 2: பேச உட்காரும் முன் குழந்தையின் ஒரு வாரத்தை எழுதுங்கள்

பெரும்பாலானோர் "எனக்கு எத்தனை நாள், உனக்கு எத்தனை நாள்" என்று ஆரம்பிக்கிறார்கள். அங்கே தொடங்கினால் பேச்சு பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை குழந்தை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறாள், வேன் எப்போது வரும், டியூஷன் எந்த நாட்கள், பாட்டு வகுப்பு எப்போது, யார் பக்கத்தில் படுத்தால் தூங்குவாள், வீசிங் வந்தால் எந்த மருந்து. இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் தெரியாத விஷயங்கள் மற்றவர் தாளில் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், மற்றவர் வீட்டில் அவள் தங்கும் முதல் இரவுக்கு முன்பே அது அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

படி 3: யார் உட்காருவது, எங்கே உட்காருவது

நம் ஊரில் இப்படிப் பேச்சு என்றால் தாய்மாமன், பெரியப்பா, அத்தை எல்லாரும் வந்துவிடுவார்கள். அவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவர்கள் சூழ்ந்திருக்கும்போது விட்டுக்கொடுப்பது தோல்வியாகத் தெரியும். இருவரும் இறங்கி வர மாட்டார்கள். திட்டத்தை எழுதும்போது பெற்றோர் இருவரும், வேண்டுமானால் நடுவர் ஒருவரும் மட்டும் இருக்கட்டும். தாத்தா பாட்டிக்குக் குழந்தையைப் பார்க்கும் நேரத்தைத் திட்டத்திலேயே எழுதிவிட்டால் அவர்கள் மனமும் ஆறும்.

இருவருமாகப் பேச முடியவில்லையென்றால் சமரச மையம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் 2005இல் தொடங்கியது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் மையங்கள் உண்டு. வழக்குப் போட்டிருந்தால் நீதிபதியிடமே சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவே, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடமை விதிக்கிறது. அங்கே பேசுவது ரகசியம். "அன்னைக்கு நீயே ஒத்துக்கிட்டியே" என்று வழக்கில் அதைத் திருப்பிக் காட்ட முடியாது. அதனால் தயங்காமல் மனசில் இருப்பதைச் சொல்லலாம்.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். குரல் உயர ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். அதுவரை ஒத்துப்போனதை மட்டும் எழுதி, இருவரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வார நாட்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். மகளுக்கு எட்டு வயது. அம்மா அம்பத்தூரில், பள்ளியும் அங்கேயே. அப்பா வேளச்சேரியில். இந்தத் தூரத்தில் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்பது நடக்காது. காலை நெரிசலில் நகரத்தின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குக் குழந்தை தினமும் போய்வர வேண்டியிருக்கும். இரண்டு வீடும் ஒரே பகுதியில் இருந்தால் மட்டும் வாரம் மாற்றி வாரம் என்பதை யோசியுங்கள். இவர்களுக்குப் பள்ளி நாட்கள் அம்மாவிடம், வார இறுதி இருவருக்கும் மாறி மாறி என்பதே பொருந்தும்.

சரி, இதை எப்படி எழுதுவது? "முதல் மற்றும் மூன்றாம் சனிக்கிழமை" என்று எழுதுவதுதான் வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில், மூன்றாம் சனிக்கும் அடுத்த மாதத்து முதல் சனிக்கும் நடுவில் மூன்று வாரம் இடைவெளி விழும். அந்த ஐந்தாம் சனி யாருக்கு என்று சண்டை வரும். "ஒன்றுவிட்டு ஒரு வாரம்" என்று எழுதி, தொடங்கும் தேதியையும் குறித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. இப்படி எழுதலாம்:

"பள்ளி நடக்கும் மாதங்களில், ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் தந்தை பள்ளி வாசலில் குழந்தையை அழைத்துக்கொள்வார். ஞாயிறு மாலை 6 மணிக்குத் தாயின் வீட்டில் கொண்டுவந்து விடுவார். முதல் முறை இன்ன தேதி. அரை மணிக்கு மேல் தாமதமானால் முன்கூட்டியே செய்தி அனுப்புவார். வர முடியாமல் போனால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்வார். அடுத்து வரும் வார இறுதி அதற்கு ஈடாகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பயணம் கிடையாது. தந்தை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்."

அழைத்துப்போகும் இடம் பள்ளி வாசல் என்பதைக் கவனியுங்கள். வீட்டு வாசல் என்றால் வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பழைய பேச்சு கிளம்பும். பள்ளி வாசலில் அவள் ஒரு வகுப்பில் இருந்து வெளியே வருகிறாள், அவ்வளவுதான். புத்தகப் பை, ஞாயிறு முடிக்க வேண்டிய வீட்டுப்பாடம், இன்ஹேலர் எல்லாம் வெள்ளிக் காலையே பையில் போக வேண்டும். பல் துலக்கும் பிரஷ், இரவு உடை, இரண்டு செட் துணி இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். பெட்டியோடு விருந்தாளி மாதிரி அவள் அப்பா வீட்டுக்குப் போக வேண்டாம்.

இடையில் உள்ள நாட்களுக்குப் போன் நேரம் எழுதுங்கள். குழந்தை யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றோருக்குத் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் யஷிதா சாகு வழக்கில் சொன்னது. இரவு 8 மணிக்கு வீடியோ கால் என்று வைத்துக்கொள்ளலாம். பேசும்போது பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது மற்றவரின் பொறுப்பு.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு வாரம் பார்க்காமல் இருப்பது அந்த வயதுக்கு நீண்ட காலம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சில மணி நேரம், பழகிய இடத்தில் என்று தொடங்கி, இரவு தங்குவதைப் பிறகு சேர்க்கலாம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் "உனக்கு யார் வேணும்?" என்று கேட்காதீர்கள். "சனிக்கிழமை கிரிக்கெட் பயிற்சிக்குப் போக எந்த வீடு வசதி?" என்று கேளுங்கள்.

படி 5: பண்டிகையும் விடுமுறையும்

காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது எளிது. தீபாவளிதான் கஷ்டம். காலையில் எண்ணெய்க் குளியல் இங்கே, மதியச் சாப்பாடு அங்கே என்று ஒரே நாளை வெட்டாதீர்கள். குழந்தைக்குப் பண்டிகை முழுக்க வண்டியிலேயே போய்விடும். இரட்டைப்படை ஆண்டில் தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம். ஒற்றைப்படை ஆண்டில் மாறும் என்று எழுதுங்கள். கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாடும் வீடுகளிலும் இதே முறைதான். ஊர்த் திருவிழாவுக்கு முன்கூட்டித் தேதி சொல்ல முடியாது. காப்புக் கட்டும் தேதி தெரிந்த உடனே தகவல், அதற்கு ஈடாக வேறொரு வார இறுதி என்று போதும். வார அட்டவணையும் பண்டிகையும் மோதினால் பண்டிகைதான் நிற்கும் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்.

படி 6: எதை இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது

சாப்பாடு, தூங்கும் நேரம், டிவி இதெல்லாம் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவர் பாடு. அதில் தலையிடாதீர்கள். பள்ளி மாற்றுவது, அறுவை சிகிச்சை, காது குத்து, பூணூல், ஞானஸ்நானம் போன்ற சடங்குகள், பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணம், ஊரைவிட்டுக் குடிபெயர்வது ஆகியவை இருவர் சம்மதத்தோடு. குடிபெயர்வதற்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு கேளுங்கள். குழந்தைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவது தொடர்பான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்றால், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், திரும்பும் டிக்கெட்டை எப்போது காட்ட வேண்டும் என்பதை விரிவாக எழுதுங்கள்.

இருவருக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் என்ன செய்வது? முதலில் சமரச மையம், அப்புறம்தான் கோர்ட் என்று வரிசை குறித்துவிடுங்கள்.

படி 7: பணம்

பார்க்கும் நேரத்தையும் பணத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். பணம் தாமதமானால் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்பதும், காட்டவில்லை என்றால் பணம் தர மாட்டேன் என்பதும் இரண்டுமே குழந்தையைத்தான் தண்டிக்கும். பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளிக்கே கட்டுவது நல்லது. வேன், சீருடை, டியூஷன், மருத்துவக் காப்பீட்டை வருமான விகிதத்தில் பிரிக்கலாம். 60க்கு 40 என்று வைத்தால் அதையே எழுதுங்கள். ஆண்டுதோறும் எவ்வளவு கூடும் என்பதும் இருக்கட்டும். கட்டணம் நின்ற இடத்தில் நிற்காது.

படி 8: கோர்ட் உத்தரவாக்குங்கள்

முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. நாளைக்கு ஒருவர் மீறினால் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவேற்றுதல் மனு (எழுதியபடி நடக்க வைக்கச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கும் மனு) போட முடியாது. திட்டத்தை மனுவோடு இணைத்து, உத்தரவின் பகுதியாகவே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீலிடம் வரைவைக் கொடுக்கும்போது, நீங்கள் எழுதிய நேரமும் இடமும் "நியாயமான நேரங்களில்" என்று சுருங்கித் திரும்பி வருகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. பரஸ்பர விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஆறு மாதக் காத்திருப்பு இருக்கிறது. அதைத் தளர்த்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று, குழந்தையின் பொறுப்பு உள்ளிட்ட எல்லாவற்றையும் இருவரும் உண்மையாகவே பேசி முடித்திருக்க வேண்டும் என்பது.

குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு எப்போதைக்குமான முடிவு கிடையாது. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். அதனால் ஆண்டுதோறும் மே மாதம், புதிய வகுப்பு தொடங்கும் முன் இருவரும் ஒருமுறை திட்டத்தைப் பார்த்துத் திருத்துவது என்று கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள். உத்தரவு கைக்கு வந்ததும் சான்றிட்ட நகல்கள் வாங்கி, ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு பேரின் போன் எண்ணும் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிட்டு, எந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் வேனில் ஏற மாட்டாள் என்பதை வேன்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.