நெடுங்கால் ஈயும் நாம் செய்யும் தவறுகளும்

சாரல் காலத்தில் குற்றாலத்திலோ பாபநாசத்திலோ இரவு தங்கியவர்கள், விளக்கொளிக்கு வந்து சுவரில் கால் பரப்பி உட்காரும் கொசு போன்ற ஒரு பெரிய பூச்சியைக் கண்டு மிரண்டிருக்கக்கூடும். இத்தனை பெரியது கடித்தால் என்ன ஆகும் என்று செருப்பைத் தேடுவதுதான் முதல் தவறு. அது கொசுவே அன்று. கிரேன் ஃபிளை எனப்படும் நெடுங்கால் ஈ. இதுவரை 15,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 11,000-க்கும் அதிகமானவற்றை விவரித்தவர் சார்லஸ் அலெக்சாண்டர் என்ற ஒரே அமெரிக்கர் என்பது நம்பக் கடினமான உண்மை.

அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நெடுங்கால் ஈயின் முதுகில் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற பள்ளம் ஒன்று இருக்கும். கொசுவுக்கு அது கிடையாது. கொசுவின் சிறகு நரம்புகளில் செதில்கள் படிந்திருக்கும். இதன் சிறகோ பெரும்பாலும் வழுவழுப்பானது. வாயை வைத்து அடையாளம் காண்பவர்கள் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் நெடுங்கால் ஈக்களிலும் ஜெரானோமியா போன்ற சில பேரினங்களுக்கு நீண்ட குழல் வாய் உண்டு. ஆனால் அது பூவின் தேனை உறிஞ்சுவதற்கே அன்றி இரத்தத்திற்கு அன்று. வளர்ந்த ஈக்களில் பல எதையுமே உண்பதில்லை. சில நாட்களில் இணைசேர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடுகின்றன.

பெண் ஈயின் வயிற்று நுனி கூராக நீண்டிருப்பதைக் கண்டு, கொட்டும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. ஈரமண்ணிலும் பாசியிலும் முட்டையைச் செருகுவதற்கான உறுப்பு அது. அதில் நஞ்சு இல்லை. கொடிய விஷம் உண்டு, கடிக்கத்தான் பல் இல்லை என்ற கதையோ வேறொரு பூச்சியிடமிருந்து வந்து இதன்மேல் ஒட்டிக்கொண்டது: ஆங்கிலத்தில் வீட்டு மூலையில் வலை கட்டும் நெடுங்கால் சிலந்தியையும் இதையும் ஒரே செல்லப்பெயரால் அழைப்பார்கள். சிலந்தியைப் பற்றியும் அக்கதை மெய்ப்பிக்கப்படவில்லை.

இது கொசுவைப் பிடித்துத் தின்னும் என்று நம்பிப் போற்றுவதும் பிழையே. கொசுப்புழுவைத் தின்பது டாக்ஸோரிங்கைட்டிஸ் என்ற பெருங்கொசுவின் புழு. அது இரத்தம் குடிக்காத உண்மையான கொசு.

பிசான நெல் சாகுபடிக்குச் சேறடிக்கும்போதோ வாய்க்கால் கரையைச் செதுக்கும்போதோ காலில்லாத, தடித்த தோலுடைய பழுப்பு நிற நெடுங்கால் ஈப் புழுக்கள் வெளிப்பட்டால், உடனே மருந்தடிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஐரோப்பாவில் டிப்யூலா பலூடோசா என்ற இனத்தின் புழு புல்வேர்களைத் தின்று மேய்ச்சல் நிலங்களைக் கெடுப்பது உண்மைதான்; ஆயினும் அந்த ஓர் இனத்தின் குற்றத்தை அனைத்தின் மேலும் சுமத்த முடியாது. ஓடைகளிலும் மட்கிய மரத்திலும் வாழும் பல புழுக்கள் அழுகிய இலைகளைச் சிதைத்து உண்கின்றன. ஹெக்ஸாடோமா போன்றவை பிற சிற்றுயிர்களை வேட்டையாடுகின்றன. நாற்றின் வேர் கடிபட்டிருப்பதைப் பிடுங்கிப் பார்த்து உறுதிசெய்த பிறகே மற்றதை யோசிக்கலாம்.

வீட்டுக்குள் வந்ததைக் காலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. தப்பிப்பதற்காகக் காலைக் கழற்றிவிடும் இயல்பு இதற்கு உண்டு. போன கால் மீண்டும் முளைப்பதில்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தாளைச் செருகி, வாசல் விளக்கை அணைத்துவிட்டு வெளியே விடுவது போதும்.