"டெஸ்ட் ஆன பேட்டரி சார்" என்றால் நாம் என்ன கேட்க வேண்டும்?

மின் ஸ்கூட்டர் வாங்கப் போய், பேட்டரி பத்திரமானதா என்று கேட்டுப் பாருங்கள். "ஏஐஎஸ் 156 பாஸ் ஆன பேட்டரி சார், கவலையே வேண்டாம்" என்பார்கள். ஏஐஎஸ் என்பது வண்டிகளுக்கான இந்தியத் தரநிலை, 156 அதில் ஒரு நம்பர். நாமும் தலையாட்டிவிட்டு, வேறு என்ன கலர் இருக்கிறது என்று கேட்கப் போய்விடுவோம். அந்த 156-இல் எதையெல்லாம் சோதிக்கிறார்கள், எது அதில் அடங்காது, வாங்குகிற நாம் எதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்: பாஸ் ஆனது பேட்டரி மட்டும் என்று நினைக்காதீர்கள். இன்ன செல் (பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன மின்கலம்), இன்ன பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் மின்சாரத்தை வெட்டிவிடும் சர்க்யூட்), இன்ன சார்ஜர் என்று சேர்ந்த ஒரு செட்தான் பாஸ் ஆனது. அதில் ஒன்றை மாற்றிவிட்டால், நீங்கள் ஓட்டுவது யாரும் சோதித்துப் பார்க்காத வண்டி.

2022 மார்ச், ஏப்ரலில் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து தீப்பிடித்தது நினைவிருக்கும். வேலூரில் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்து, புகை மேலே ஏறி 8 பேர் இறந்துபோனார்கள். அந்த வருடம் இப்படி நடந்த தீ விபத்துகளின் பின்னணியில்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியை இறுக்கியது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு ஏஐஎஸ் 156. கார், பஸ், லாரிக்கு ஏஐஎஸ் 038. இறுக்கிய விதியின் முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் அமலுக்கு வந்தது. இந்த இரண்டு தேதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கும்போது வேலைக்கு ஆகும்.

சரி, என்னதான் சோதிக்கிறார்கள்? புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜிஏஆர்சி, இந்த மாதிரி ஆய்வகங்களுக்கு வண்டிக் கம்பெனி பேக்கை, அதாவது செல்கள் எல்லாம் அடங்கிய பேட்டரிப் பெட்டியை, அனுப்ப வேண்டும். அங்கே அதை 60 டிகிரி சூட்டில் 6 மணி நேரம், அப்புறம் மைனஸ் 40 டிகிரியில் 6 மணி நேரம் என்று குறைந்தது 5 சுற்று வாட்டி எடுப்பார்கள். நம் ஊருக்கு மைனஸ் 40 எதற்கு என்று தோன்றும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது வெல்டிங்கோ சீலோ விடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மணிக்கணக்கில் குலுக்குவார்கள். கழற்றி மாடிக்குத் தூக்கிப்போகிற பேக் என்றால் 1 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் 6 தடவை போடுவார்கள். பிளஸ்ஸையும் மைனஸையும் வேண்டுமென்றே ஷார்ட் செய்வார்கள். சார்ஜை நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போய், பிஎம்எஸ் தானாக வெட்டிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். 1 மீட்டர் தண்ணீருக்கடியில் அரை மணி நேரம் வைப்பார்கள், விளம்பரத்தில் ஐபிஎக்ஸ்7 என்று போடுவது இதைத்தான்.

இதிலெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டாம் கட்டத்தில் வந்த ஒன்று. பேக்குக்குள் இருக்கும் ஒரே ஒரு செல்லை வேண்டுமென்றே சூடாக்கிக் கெடுப்பார்கள். லித்தியம் செல் ஒன்று உள்ளுக்குள் 130 டிகிரியைத் தொட்டால் பிளஸ்ஸையும் மைனஸையும் பிரிக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருக ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் அந்தச் செல் தானே சூடாகும், பக்கத்துச் செல்லையும் இழுக்கும், அது அடுத்ததை இழுக்கும், தீபாவளிச் சரம் மாதிரி. ஒரு செல் போவதை எந்தக் கம்பெனியாலும் நூற்றுக்கு நூறு தடுக்க முடியாது. ஆனால் அது பேக் முழுக்கப் பரவித் தீயாகிறதா இல்லையா என்பது, செல்களுக்கு நடுவே விட்ட இடைவெளியிலும், வாயு வெளியேற வைத்த வழியிலும், பெட்டி கட்டிய விதத்திலும் இருக்கிறது. வண்டி வாங்கும்போது "இரண்டாம் கட்டம் பாஸா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், இதைத்தான் கேட்கிறீர்கள்.

காருக்கும் இதே கதைதான், கூடவே பெட்ரோல் தீக்கு நடுவில் 70 விநாடி நேரடியாகக் காட்டி வெடிக்கிறதா என்று பார்க்கிற சோதனையும் உண்டு. உள்ளே செல் கெட்டால், ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஆபத்து வருவதற்கு 5 நிமிடம் முன்னாடியாவது டாஷ்போர்டில் எச்சரிக்கை வர வேண்டும். அந்த 5 நிமிடம் ஓரங்கட்டி இறங்குவதற்குத்தான், சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்க இல்லை.

கடையில் பார்க்க வேண்டியதற்கு வருவோம். பேக் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்: எல்எஃப்பியா என்எம்சியா (லித்தியம் செல்லில் இரண்டு வகை), எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-ஹவர், எந்த மாதம் செய்தது, சீரியல் நம்பர். லேபிளே இல்லை என்றால் பேச்சே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். அடுத்து சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். டீலரிடம் உடனே இருக்காது, வாட்ஸ்ஆப்பில் வாங்கித் தருவார். அதில் ஆய்வகத்தின் பெயரை விட முக்கியம், பேக்கின் மாடல் நம்பர் உங்கள் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்பது. வேறு மாடலின் காகிதத்தைக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பெக் ஷீட்டில் "யுஎன் 38.3 சான்று பெற்றது" என்று மட்டும் இருந்தால் மயங்காதீர்கள்: அது பேட்டரியைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றுவதற்கான சோதனை, வண்டியில் வைத்து ஓட்டுவதற்கு அது போதாது.

இப்போது சார்ஜர். என் மச்சான் வண்டியின் சார்ஜர் போன வருடம் செத்துப்போனது. கம்பெனியில் கேட்டதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது. "48 வோல்ட் பேட்டரிக்கு 48 வோல்ட் சார்ஜர், இதில் என்னண்ணே இருக்கு" என்று கடைக்காரத் தம்பி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நல்லவேளை, வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. பின்னில் வைத்துப் பார்த்தால் 58.4 வோல்ட்.

அந்த நம்பரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எல்எஃப்பி செல் ஒன்று முழு சார்ஜில் 3.65 வோல்ட். 16 செல்லை வரிசையாகப் போட்டால் 58.4. ஆக அது எல்எஃப்பி பேக்குக்கான சார்ஜர். மச்சான் வண்டியில் இருந்தது என்எம்சி: ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், 13 செல், மொத்தம் 54.6. இந்தச் சார்ஜரைப் போட்டால் ஒவ்வொரு செல்லும் 4.49 வோல்ட் வரை தள்ளப்படும். இரண்டையும் கடையில் "48 வோல்ட்" என்றுதான் விற்கிறார்கள்! பிஎம்எஸ் வெட்டிவிடும்தான், அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் எப்போதோ ஒரு தடவை காப்பாற்ற வைத்த கடைசிக் காவலை தினமும் வேலை வாங்கினால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால் சார்ஜரின் லேபிளில் அவுட்புட் என்று போட்டிருக்கும் வோல்ட்டைப் பழைய சார்ஜரோடு புள்ளி வரை ஒப்பிடுங்கள். பழையதன் லேபிள் அழிந்துபோயிருந்தால் அனுமானம் வேண்டாம், பத்து நாள் காத்திருந்து கம்பெனி சார்ஜரையே வாங்குங்கள். மச்சான் அந்தப் பத்து நாளும் பஸ்ஸில் போனான், புலம்பிக்கொண்டே.

ரீபேக் விஷயம் இதைவிட மோசம். மூன்று நான்கு வருடத்தில் ரேஞ்ச் குறைந்ததும், செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன், கம்பெனி விலையில் பாதிதான் என்று ஒருவர் வருவார். அவர் கை சுத்தமான கையாகவே இருக்கலாம். ஆனால் போடுகிற செல் புதியதா, பழைய பேக்கிலிருந்து உருவியதா என்று வெளியே பார்த்து உங்களுக்கும் தெரியாது, பல சமயம் அவருக்கும் தெரியாது. வாரண்டி போவது இருக்கட்டும், மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றுகூட அந்தப் பேக்குக்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஆர்சியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2022 டிசம்பருக்கு முந்தையது என்றால் பழைய விதியில் பாஸ் ஆனது. அதற்கும் 2023 மார்ச் 31-க்கும் நடுவில் என்றால் இரண்டாம் கட்டம் பாஸா என்று தனியாகக் கேட்க வேண்டும். வாங்கக் கூடாது என்றில்லை, விலையில் அது தெரிய வேண்டும், பேக்கை ஒரு தடவை கம்பெனி சர்வீஸில் திறந்து காட்டவும் வேண்டும். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வண்டி என்றால் பதிவே தேவையில்லை. ஆர்சி இல்லாததால் பேட்டரி காகிதத்தைக் கேட்கிற ஆளும் கிடையாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சென்னை மாதிரி வெள்ளம் வரும் ஊரில் ஐபிஎக்ஸ்7-ஐ நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அந்தச் சோதனை புது பேக்குக்கு, அரை மணி நேரத்துக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டிகள் சாக்கடை கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க நின்றன. அப்படி நின்ற வண்டியை சார்ஜில் போடாதீர்கள், ஆன் செய்தும் பார்க்காதீர்கள், திறந்த இடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். வெளியே காய்ந்ததும் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சார்ஜ் போடுகிற இடம்: வாசலை ஒட்டியும் வேண்டாம், மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியிலேயே புகை நிற்கும். எர்த் சரியாக இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள், வெயிலில் ஓட்டி வந்த கையோடு போடாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். பேக் உப்பியிருந்தாலோ, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பாக ஏதாவது வாடை வந்தாலோ, ஒரு மூலை மட்டும் சுட்டாலோ அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். உஸ் என்று சத்தத்தோடு வெள்ளைப் புகை வந்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112. பேக்கைக் கழற்ற முயலாதீர்கள், அந்தப் புகை விஷம். சின்னத் தீயணைப்பு சிலிண்டர் சுவாலையை அடக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அடக்காது. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றும் என்பதால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஆயுள் முடிந்த பேக்கைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, டீலரிடம் கேட்டு ரசீதோடு ஒப்படையுங்கள். காயலான் கடைக்குப் போன செல்கள்தான் பாதி விலை ரீபேக்கில் இன்னொருவர் வீட்டுக்கு வந்து சேர்கின்றன.