நீலகிரியிலிருந்து இலங்கை மலையகத்துக்கு: மாணவர் ஊழியக் குழுவை ஆயத்தப்படுத்தும் முறை

நம் சபைகளில் வெளிநாட்டு ஊழியம் என்ற பேச்சு எழுந்தாலே மாணவர்களின் மனம் தொலைதூர நாடுகளை நோக்கிச் செல்கிறது. முதன்முறை புறப்படும் குழுவை இலங்கையின் மலையகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அங்குள்ள தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று வகுத்தது. அதன்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை அளிப்பதற்காகவே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; நாம் இன்று டான்டீ என்று அழைப்பது அவற்றைத்தான். கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள அக்குடும்பங்களில் பலவற்றுக்கு மலையக ஊர்களான ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும் உறவுகள் இருக்கின்றன. ஆகவே நம் மாணவர்கள் மொழியாலும் தொழிலாலும் பாதி அறிந்த ஓரிடத்துக்கே போகிறார்கள்.

முதல் வேலை பணம் திரட்டுவதன்று. அங்குள்ள சபையிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதத்தைப் பெறுவது. எத்தனை பேர் வரலாம், எந்த நாட்களில் வரலாம், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அவர்களே எழுதித் தர வேண்டும். நான் அழைத்துச் சென்ற முதல் குழு இதைச் செய்யாமல் போயிற்று. நான்கு நாள் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குரிய பாடல்கள், பொம்மைகள், வண்ணத்தாள்கள் அனைத்தையும் இரண்டு பெரிய பெட்டிகளில் கட்டிச் சென்றோம். முதல் நாள் மாலையில் எங்கள் மாணவி ஒருத்தி சைகைப் பாடலைத் தொடங்கியபோது, முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் அவளுக்கு முன்பாகவே அடுத்த அடியைப் பாடி முடித்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் வேறு இரண்டு குழுக்கள் அதே பாடல்களோடு வந்து போயிருந்தன. உண்மையில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை (ஐந்தாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு) எழுதவிருந்த பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆட்கள். அதை அங்குள்ள சபையின் போதகர் கடைசி நாளில்தான், அதுவும் நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகே, தயக்கத்தோடு சொன்னார். விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்ற பண்பு அவரைத் தடுத்திருந்தது. கேட்க வேண்டியவர்கள் நாம். அதுவும் ஆறு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் சிறிதும் சமரசம் வேண்டாம். சுற்றுலா அனுமதியில் நுழைந்து கூட்டம் நடத்துவதும் பிரசங்கிப்பதும் குழுவை மட்டுமன்றி, அழைத்த சபையையும் சிக்கலில் மாட்டிவிடும். செய்யப்போகும் பணியை மறைக்காமல் எழுதி, அதற்கு எவ்வகை விசா தேவை என்பதை இலங்கைத் தூதரகத்திடமும் அங்குள்ள சபையின் தலைமையிடமும் கேட்டுத் தெளிந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். நீலகிரி மாவட்டத்தினருக்குக் கோயம்புத்தூர் மண்டல அலுவலகமே பாஸ்போர்ட் வழங்குகிறது. பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்.

குழுவில் எட்டுப் பேர் போதும். பதினெட்டு வயது நிறைந்தவர்களாக இருக்கட்டும். நன்றாகப் பாடுகிறவரைக் காட்டிலும், பாத்திரம் கழுவச் சொன்னால் முகம் சுளிக்காதவரைத் தேர்ந்தெடுங்கள். ஆயத்தத்துக்கு மூன்று மாதமாவது ஒதுக்கி, அதன் பெரும்பகுதியை அறைக்குள் அல்லாமல் நம் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் செலவிடுங்கள். சனிக்கிழமை தோறும் ஒரே பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவர், மூன்றாம் வாரத்தில் சலிப்பையும் ஆறாம் வாரத்தில் அன்பையும் கண்டுகொள்கிறார். உள்ளூரில் அதற்கு மனம் வராதவரைக் கடல் கடந்து அழைத்துச் செல்லத் தேவையில்லை. தாயகம் திரும்பிய முதியவர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து அவருடைய தோட்டத்தின் பெயரையும் கப்பலேறிய நாளையும் கேட்டறிவது, நான் நடத்தும் எந்த வகுப்பைக் காட்டிலும் அவர்களை நன்றாக ஆயத்தப்படுத்தியிருக்கிறது.

மொழி ஒன்றே என்றாலும் கவனம் தேவை. நாம் லைன் வீடு என்பதை அவர்கள் லயம் என்பார்கள். பள்ளிக்கூடம் பாடசாலையாகும், பேசுவது கதைப்பதாகும். அவர்களுடைய தமிழைத் திருத்தவோ அதைக் கேட்டுச் சிரிக்கவோ எவருக்கும் இடம் கொடுக்காதீர்கள். சிங்களத்தில் வணக்கமும் நன்றியும் சொல்லும் அளவுக்காவது கற்றுக்கொள்ளட்டும். பௌத்தர்களுக்குப் புனிதமான பௌர்ணமி நாளாகிய போயா அங்கு அரசு விடுமுறை. அன்று இசைக்கருவிகளோடு ஆரவாரமான நிகழ்ச்சி வைப்பது அயலாரைப் புண்படுத்தும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அங்கே பெருங்குற்றமாகவே கருதப்படுகிறது.

பயணச் செலவை மாணவரும் குடும்பமும் சபையும் பகிர்ந்துகொள்வதே முறை. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணத்தை வெளிநாட்டில் செலவிடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், கணக்குத் தணிக்கையாளரைக் கேளாமல் அதைத் தொடாதீர்கள். அங்கே தனிக் குடும்பங்களின் கையில் பணம் கொடுக்கவே கூடாது. ஒரு லயத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது மற்ற வீடுகளுக்கு மனக்கசப்பாகிவிடும். பெட்டியில் கம்பளி ஆடை, மழைக்கோட்டு, அட்டைக்கடிக்கு உப்பு ஆகியவற்றோடு, அங்குள்ள சதுர முனை மின்செருகிக்குரிய மாற்றியும் இருந்தால் போதும்.

அங்குள்ள பாடசாலைகள் பொதுவாக மதியம் ஒன்றரை மணிக்கு முடிந்துவிடுகின்றன; பெற்றோர் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீடு திரும்ப மாலையாகிறது. இடைப்பட்ட அந்த நேரத்தைப் பாடத்துக்கென்று கேட்டு வாங்குங்கள். பழைய வினாத்தாள்களை அவர்களிடமிருந்து முன்கூட்டியே வரவழைத்துப் பயின்றுகொள்ளுங்கள், ஏனெனில் நம் பாடத்திட்டம் வேறு. உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர் முன்னால் நிற்க, நம் மாணவர் பக்கத்தில் அமர்ந்து உதவட்டும். நாம் போன பிறகும் வகுப்பை நடத்தப்போகிறவர் அவரே. எந்தப் பிள்ளையோடும் எவரும் தனித்திருக்கக் கூடாது. பெற்றோரின் சம்மதமின்றிப் படம் எடுக்கக் கூடாது. கைப்பேசி எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. இவற்றைப் புறப்படும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உடல்நலம் கெட்டால் 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அந்த எண் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.

இரவு ஜெபத்துக்குப் பின் அரை மணி நேரம் அந்த நாளைப் பற்றிப் பேசுங்கள். தன் வீட்டின் வசதியை எண்ணிக் குற்ற உணர்வில் அழும் மாணவர் ஒருவராவது இருப்பார். அவரை அவசரப்பட்டுத் தேற்றாமல், அழுது முடிக்கும் வரை கூட இருங்கள்.

ஊர் திரும்பிய பின் ஆராதனையில் சாட்சி சொல்லும்போது, அங்குள்ளவர்களின் வறுமையை மட்டும் காட்டும் படங்களைத் திரையிடாதீர்கள். சொல்லப்போகும் சாட்சியை அந்தப் போதகருக்கு முதலில் அனுப்பி அவர் ஒப்புதலைப் பெறுங்கள். அனுப்புவதாகச் சொன்ன புத்தகங்களை அந்த மாதத்துக்குள்ளேயே அனுப்புங்கள். பரீட்சை முடிவு வெளியாகும் நாளைக் குறித்து வைத்திருந்து, அன்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி விசாரியுங்கள்.