லாரி குத்தகை: டர்பன் பக்கம் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். புதிதாக லாரி எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இந்த லாரிக்கு எத்தனை மாதத்துக்கு வேலை உறுதி? அதை யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? நான் பார்த்த நஷ்டங்களில் பாதிக்கு மேல், குத்தகைத் தாளையும் வேலைத் தாளையும் சேர்த்து வைத்துப் படிக்காமல் போட்ட கையெழுத்தில் தொடங்கியவை.

டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்பு ஏற்றுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைகள் ஏறத்தாழ ஏப்ரலில் அரைக்கத் தொடங்கி டிசம்பர் வாக்கில் நிறுத்திவிடும். வேலை ஒன்பது மாதம், குத்தகை பன்னிரண்டு மாதம். ஜனவரி முதல் மார்ச் வரை லாரி முற்றத்தில் நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் டெபிட் ஆர்டர் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் போகும். சீசனுக்கு மட்டும் வாடகை, அல்லது அந்த மூன்று மாதத்துக்குக் குறைந்த தவணை என்று கேட்டால் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்கின்றன. கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் அது நடக்கும்.

கன்டெய்னர் வேலையிலும் இதே கதைதான். சரக்குக் கம்பெனி தரும் ஒப்பந்தத்தில் "30 நாள் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம்" என்று ஒரு வரி இருக்கும். லாரிக்குப் போட்ட கையெழுத்தோ 60 மாதத்துக்கு. நடுவில் வேலை நின்றால் மீதி மாதங்களை யார் கட்டுவது? வேலைத் தாளில் குறைந்தபட்ச மாதங்களோ குறைந்தபட்ச லோடுகளோ எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள் என்றால், முதல் வருடம் மாத வாடகைக்கே எடுங்கள். வாடகை கூடுதல்தான். ஆனால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

அடுத்தது, பணம் வரும் தேதி. இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். "ஸ்டேட்மென்ட்டிலிருந்து 30 நாள்" என்றால் ஒரு மாதத்தில் பணம் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்டேட்மென்ட் என்பது மாதக் கடைசியில் போடும் கணக்கு. மார்ச் 3-ஆம் தேதி இறக்கிய லோடு மார்ச் 31 ஸ்டேட்மென்ட்டில் ஏறும். பணம் ஏப்ரல் 30-இல் வரும். கிட்டத்தட்ட இரண்டு மாதம். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் சிட்டி டீப்புக்கு என்3 சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர், போய்வர 1,140. நூறு கிலோமீட்டருக்கு 45 லிட்டர் என்று வைத்தால் ஒரு நடைக்கு 513 லிட்டர் டீசல். வாரம் மூன்று நடை என்றால், முதல் ரேண்ட் கைக்கு வருவதற்குள் எட்டு வாரத்தில் 12,000 லிட்டருக்கு மேல் கைக்காசில் ஊற்றியிருப்பீர்கள். மரியன்ஹில், மூயி ரிவர், டுகேலா, வில்ஜ், டி ஹூக் டோல்கள் தனி. இரண்டு மாத டீசலும் இரண்டு தவணையும் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். அவ்வளவு இல்லையா? டீசல் முன்பணம் தரும் வேலையை, கட்டணம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், தேர்ந்தெடுங்கள்.

டீசல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். வேலைத் தாளில் டீசல் ஏறினால் கட்டணமும் ஏறும் என்ற விதி இல்லாவிட்டால், அந்த ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். உள்நாட்டைவிடக் கடற்கரையில் டீசல் மலிவு. டர்பனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

திரும்பி வரும் லோடையும் போகும் லோடின் கட்டணத்திலேயே கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கீழே வரும் லோடுக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் கிடைக்கும். சில வாரம் காலியாகவே வர வேண்டியிருக்கும். பேஹெட் ரோட்டில் துறைமுக வரிசையில் ஒரு நாள் நின்றால் மூன்றாவது நடை போய்விடும். ஆகவே காத்திருப்புக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாரம் இரண்டு நடையில் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் குத்தகை உங்களுக்கு ஆகாது.

பராமரிப்பையும் சேர்த்த குத்தகையில் கிலோமீட்டர் வரம்பு இருக்கும். வாரம் மூன்று நடை ஓடினால் மாதம் 14,000 கிலோமீட்டரைத் தாண்டும். வரம்பு 10,000 என்று இருந்து, மேலே ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரை ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 ரேண்ட் கூடுதல். நன்றாக ஓடியதற்கே அபராதம் கட்டுகிற நிலை அது.

வங்கிக் கடனில் எடுப்பவர்கள் வட்டியைப் பாருங்கள். 2021 நவம்பர் வரை 7 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி (வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி), 2023 மே மாதம் 11.75 ஆனது. 10 லட்சம் ரேண்ட் கடனை 60 மாதத்தில் கட்டினால், 7 சதவீதத்தில் தவணை ஏறத்தாழ 19,800, 11.75-இல் 22,100. பிரைமோடு சேர்ந்து ஏறி இறங்கும் கடனில் இந்த வித்தியாசத்தைத் தாங்க முடியுமா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். தவணையைக் குறைத்துக் காட்டக் கடைசியில் 30 சதவீத பலூன், அதாவது முடிவில் மொத்தமாகக் கட்டும் தொகை, வைப்பார்கள். 11.75-இல் மாதம் 18,400 என்று ஆகும், மனசுக்கு இதமாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து, தேய்ந்துபோன லாரிக்கு மூன்று லட்சம் ஒரே நேரத்தில் கட்ட வேண்டும். மொத்தத்தில் 78,000 ரேண்ட் போலக் கூடுதலாகவும் போயிருக்கும். வாடகை விலை வாட் சேர்த்ததா என்றும் கேளுங்கள். வாட் பதிவு இல்லாதவருக்கு அந்த 15 சதவீதம் திரும்பி வராது.

இனி, என் குடும்பத்தில் நடந்தது. என் சித்தப்பா மகன் ஒருவரிடமிருந்து லாரி எடுத்தான். "மாதாமாதம் என்னிடம் கட்டு, முடிந்ததும் வண்டி உன் பெயருக்கு" என்றார் அவர். தம்பி பதினான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டினான். அந்த ஆள் வங்கிக்குக் கட்டவில்லை. ஒரு காலை நேரம் ஷெரிஃப் கோர்ட் உத்தரவோடு வாசலில் வந்து நின்றார். தம்பி ரசீதுகளைக் காட்டினான். வங்கிக்கு அவன் யாரோ. லாரி போனது, மாற்றிய டயர்களும் அதோடு போயின. அந்த வருடம் தீபாவளிக்குச் சித்தி வீட்டில் விளக்கு மட்டும்தான் ஏற்றினார்கள்.

இதைத் தடுக்க ஒரே ஒரு தாள் போதும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் ஓனர் ஒரு பெயராகவும் டைட்டில் ஹோல்டர் வேறு பெயராகவும் இருக்கலாம். டைட்டில் ஹோல்டர் வங்கி என்றால் வண்டி இன்னும் கடனில் இருக்கிறது என்று அர்த்தம். வங்கி எழுத்தில் சம்மதம் தராமல் அந்த வண்டியை யாரிடமிருந்தும் குத்தகைக்கு எடுக்காதீர்கள், அவர் கோயில் கமிட்டியில் இருப்பவராக இருந்தாலும் சரி.

கம்பெனி பெயரில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு ஆபத்தில்லை என்ற நினைப்பும் தவறு. கூடவே உங்களைச் சொந்தமாக ஜாமீனாக்கும் சூரிட்டி தாளிலும் கையெழுத்து வாங்குவார்கள். கம்பெனி கட்டாவிட்டால் உங்கள் சொந்தச் சொத்தைத் தேடி வருவார்கள். இரண்டரை லட்சம் ரேண்டும் அதற்கு மேலும் உள்ள கடனைக் கம்பெனி பெயரில் வாங்கினால் தேசியக் கடன் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது.

இன்ஷூரன்ஸ் பற்றி: 2021 ஜூலையில் மூயி ரிவரில் எரிந்த லாரிகளை நாம் மறக்கவில்லை. 2023 ஜூலையில் வான் ரீனன் கணவாயிலும் எரித்தார்கள். கலவரத்தில் எரியும் வண்டிக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. சாஸ்ரியா காப்பீட்டைச் சேர்த்து வாங்க வேண்டும். வண்டி எரிந்தாலும் கடன் எரியாது. கிடைக்கும் இன்ஷூரன்ஸ் தொகைக்கும் பாக்கிக்கும் இடையே வரும் இடைவெளிக்கும் தனியாகக் காப்பீடு எடுங்கள்.

டிரைவராக இருந்து, முதலாளியின் லாரியையே குத்தகைக்கு எடுக்கும் தம்பிகளுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நாளையிலிருந்து நீ ஓனர்" என்று சொல்லி, வண்டியையும் லோடையும் முதலாளியே கொடுப்பார். வாடகை, டீசல், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். இரண்டு டிரெய்லர் கோத்த இன்டர்லிங்க் வண்டியில் சாதாரணமாக 26 டயர் இருக்கிறது, தம்பி. ஒரு நல்ல மாதத்தின் லாபம் டயரிலேயே போய்விடும். பிடித்தம் எல்லாம் போக நிற்கும் தொகையை, சாலைச் சரக்குத் துறையில் முதலாளிகளும் சங்கங்களும் பேசி முடிவெடுக்கும் பேரக் கவுன்சிலின் ஒப்பந்தம் டிரைவருக்கு நிர்ணயித்திருக்கும் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால், முதலாளியின் நஷ்டத்தை நீங்கள் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தாளில் "ஓனர்" என்று எழுதிவிட்டால் தொழிலாளி உரிமை போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவு, தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. வருமானம் அமைச்சர் நிர்ணயிக்கும் வரம்புக்குள் இருக்கும் ஒருவர் ஒரே ஒரு முதலாளிக்கு மட்டும் வேலை செய்தாலோ, வேலைக்கான கருவியை அவரிடமே பெற்றாலோ, பிழைப்புக்கு அவரையே நம்பியிருந்தாலோ, இப்படி ஏதாவது ஒன்று பொருந்தினாலே, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர் தொழிலாளிதான். அதனால் ஒவ்வொரு நடையின் தேதி, கிலோமீட்டர், பிடித்த தொகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸாப்பில் வரும் உத்தரவுகளை அழிக்காதீர்கள். நியாயமில்லாமல் நிறுத்திவிட்டால் 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பேரக் கவுன்சிலுக்குப் போவதா, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ அமைப்புக்குப் போவதா என்று தெரியாவிட்டால் சிசிஎம்ஏ அலுவலகத்திலேயே கேளுங்கள். அங்கே புகார் பதிய கட்டணம் இல்லை. அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.