ரிசர்விஸ்ட்டில் அடிபட்ட முழங்கால்: சேவையால் வந்ததுதான் என்று காட்டுவது எப்படி?

சிங்கப்பூரில் ரிசர்விஸ்ட் (முழுநேர தேசிய சேவை முடித்தவர்களை மீண்டும் அழைக்கும் பயிற்சி) போய் அடிபட்டு, இழப்பீடு கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று. மனிதவள அமைச்சின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் தேசிய சேவையாளருக்குப் பொருந்தாது. நீங்கள் போகவேண்டியது யூனிட் வழியாகத் தற்காப்பு அமைச்சிடம். குழுக் காப்புறுதி தனி விவகாரம், இதோடு கலக்காதீர்கள்.

1. அடிபட்ட அன்றே முகாம் எம்ஓவை (மருத்துவ அதிகாரி) பாருங்கள். ‘முழங்கால் வலி’ என்று மட்டும் பதிவானால் பின்னால் உதவாது. ‘தடை தாண்டிக் குதித்தபோது கால் திருகியது’ என்று சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

2. அழைப்புக் கடிதம், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), பெஸ் நிலை (மருத்துவ உடற்தகுதித் தரம்) மாறிய கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். சிலர் எக்செல் அட்டவணை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் வீண் வேலை. முன்பக்கத்தில் பத்து வரி போதும்.

3. சிறப்பு மருத்துவரின் கடிதம். என் கோப்பு நின்றுபோனது இங்கேதான். ‘மெனிஸ்கஸ் கிழிந்துள்ளது, எம்ஆர்ஐ இணைப்பு’ என்று கொடுத்தார்கள். மெனிஸ்கஸ் என்பது முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு. எதனால் கிழிந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. வயதானாலும் கிழியும், சனிக்கிழமை ஃபுட்சால் ஆடினாலும் கிழியும். கோப்பைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் மூன்றைக் காட்டவேண்டும்: இப்போது பாதிப்பு இருக்கிறது, சேவையில் ஒன்று நடந்தது, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. இங்கே விதிகள் வேறுதான். ஆனாலும் கோப்பைச் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. என்னிடம் அப்போது மூன்றாவது இல்லை.

அடுத்த முறை எம்ஓ பதிவின் நகலை மருத்துவர் மேசையில் வைத்து, “இந்தச் சம்பவத்தால் இது வந்திருக்குமா? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அந்த ‘ஏன்’தான் முக்கியம். திருகிய காயம், அன்றே வீக்கம், அதற்கு முன் அந்தக் காலுக்குச் சிகிச்சை இல்லை என்று காரணத்தோடு எழுதித் தந்தார். அறிக்கைக்குக் கட்டணம் உண்டு, வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம்.

பழைய காயம் இருந்தால் மறைக்கவேண்டாம். பயிற்சிக்கு முன் எப்படி இருந்தது, பிறகு எவ்வளவு மோசமானது என்று மருத்துவரையே எழுதச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: “எம்ஓவைப் பார்க்கவே இல்லையே அண்ணே, என்ன செய்ய?” என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூட இருந்த செக்‌ஷன் நண்பரிடம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் “முட்டி போச்சுடா” என்று போட்டிருந்தால், தேதி தெரிய அதையும் படம் பிடித்துச் சேருங்கள்.