கறுத்த கொலுசுக்கு அலுமினியத் தாள்

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லைக்கு வரும் சொந்தக்காரர்கள் பார்க்கும் முன் கறுத்த கொலுசையும் குங்குமச் சிமிழையும் பளிச்சென்று ஆக்க, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்போடு வெள்ளியும் சேர்ந்து தேயும்.

அந்தக் கறுப்பு, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்ஃபைடு. வெள்ளியைவிட அலுமினியம் வினைத்திறன் மிக்கது. அது சல்ஃபைடை உடைத்து வெள்ளியை வெள்ளியாகவே திருப்பித் தரும். இரும்பு ஆக்சைடிலிருந்து அலுமினியம் இரும்பைப் பிரிப்பதால்தான் தண்டவாளத் துண்டுகளை, அந்த உருகிய இரும்பை ஊற்றி ஒட்டும் தெர்மிட் முறையில் இணைக்க முடிகிறது. அங்கே தீப்பிழம்பு, இங்கே வெந்நீர் போதும்.

எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். பளபளப்பான பக்கம் எதுவானாலும் சரி. பிரியாணிப் பொட்டலத் தாளென்றால் எண்ணெய் போகக் கழுவ வேண்டும். நகையைத் தாளின் மேல் தொடும்படி வையுங்கள். தொடாவிட்டால் வேலை நடக்காது, பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். மூன்று மேசைக்கரண்டி சமையல் சோடா தூவி, கொதித்த நீர் ஒரு லிட்டரை மெதுவாக ஊற்றுங்கள், நுரை பொங்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் திருப்பிப் போட்டு, பின் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். தாள் கறுத்துவிட்டால் புதிது மாற்றுங்கள்.

முத்து, ஒட்டிய கல், அரக்கு நிரப்பிய நகை, வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு எதையும் இதில் போடாதீர்கள். செம்பு, பித்தளைக்குப் புளிதான்.