பள்ளி மைதானத்துக்கு கார்ட்லெஸ் மைக் வாங்குமுன்

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலை வழிபாட்டில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது செய்தியிலேயே குரல் விட்டு விட்டுக் கேட்டது, அப்புறம் சுத்தமாக நின்றுபோனது. அவளுக்கு அது தெரியவில்லை. தாளைப் பார்த்துக் கடைசி வரி வரை வாசித்து, 'நன்றி, வணக்கம்' சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். மைதானத்தில் நின்ற அறுநூறு பேரில் முன்வரிசைக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும். அன்றைய வருத்தத்தில்தான் நான் கார்ட்லெஸ் மைக்கைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. மைக் செட் பொறுப்பும் என்னுடையதுதான். இரண்டு செட் வாங்கிவிட்டோம். முதலாவது தவறான தேர்வு. இரண்டாவது நன்றாக உழைக்கிறது.

முதலில் ஒன்று. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து வகுப்புகளுக்கு அறிவிப்புச் சொல்ல மட்டும்தான் மைக் வேண்டும் என்றால் கார்ட்லெஸ் வேண்டவே வேண்டாம். மேசையில் ஒரு கம்பி மைக் போதும், பத்து வருடம் தொந்தரவில்லாமல் ஓடும். மைதானம், கொடிக்கம்பம், விளையாட்டு விழா என்று ஆள் நகர வேண்டிய இடத்துக்குத்தான் கார்ட்லெஸ்.

கடையில் முதலில் காட்டுவது பெட்டியில் அச்சடித்த தூரத்தைத்தான். 50 மீட்டர், 100 மீட்டர் என்று போட்டிருக்கும். அது நடுவில் எதுவும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது ரேடியோ அலையை விழுங்கும். அறுநூறு பிள்ளைகள் நின்றால் அது ஒரு தண்ணீர்ச் சுவர் மாதிரி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்குகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். அதே அலைவரிசையில் வைஃபையும் புளூடூத்தும் ஓடுவதால் நெரிசலும் உண்டு. வகுப்பறைக்குள் அவை நன்றாக வேலை செய்யும். மைதானத்துக்கு நான், அதைவிடக் குறைந்த அலைவரிசையில், சில நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடும் யுஎச்எஃப் வகையைத்தான் சொல்வேன். இன்னும் குறைந்த அலைவரிசையில் ஓடும் பழைய விஎச்எஃப் செட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் அலைநீளம் ஒன்றரை மீட்டர் அளவு. மைக்குக்குள் அதற்கேற்ற ஆன்டெனாவை அடக்க முடியாது, மோட்டார், டியூப்லைட் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

யுஎச்எஃப் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, எண்ணையும் பாருங்கள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் செல்போன் கோபுரங்கள் இயங்குகின்றன. ஜியோவின் 5ஜிகூட 700இல் இருக்கிறது. அமெரிக்காவில் 700இல் ஓடும் கார்ட்லெஸ் மைக்குகளை 2010இலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்துச் செட் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். 500களிலோ 600களிலோ, அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதியோடு இருப்பதைக் கேளுங்கள்.

அந்த மாற்றும் வசதி ஏன் முக்கியம் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் முதல் செட் ஒரே அலைவரிசை கொண்டது. சாலைக்கு எதிரே இருந்த கல்யாண மண்டபத்திலும் அதே வகைச் செட். ஒரு முகூர்த்த நாளில் நாங்கள் மைக்கை அணைத்ததும் எங்கள் குழாய் ஸ்பீக்கரில் மாப்பிள்ளை வீட்டாரை மேடைக்கு அழைக்கும் குரல் வந்தது. இப்போதுள்ள செட்டில் பட்டனை அழுத்தினால் வேறு அலைவரிசைக்கு மாறிக்கொள்ளலாம்.

அடுத்து ரிசீவரின் ஆன்டெனா. மைக்கின் சிக்னலை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். இரண்டு ஆன்டெனா இருந்தால் டைவர்சிட்டி என்று விற்பனையாளர் சொல்வார். பல மலிவுச் செட்டுகளில் இரண்டு மைக்குக்கு ஆளுக்கொன்றாக இரண்டு ஆன்டெனா வைத்திருப்பார்கள். அது டைவர்சிட்டி ஆகாது. ஒரே மைக்கின் சிக்னலை இரண்டு ஆன்டெனாவிலும் வாங்கி, நல்லதை ரிசீவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஒரு மைக்குக்கு இரண்டு ஆன்டெனாவா?' என்று நேராகக் கேளுங்கள்.

செய்தி வாசித்த பிள்ளையின் மைக் நின்றதற்குப் பாதிக் காரணம் ரிசீவரை நாங்கள் வைத்திருந்த இடம். தலைமையாசிரியர் அறையில், இரும்பு பீரோவை ஒட்டி, கிரில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது. இப்போது வராந்தாவில், தலைக்கு மேல் உயரத்தில், மேடை தெரியும்படி ஒரு மரப்பலகையில் இருக்கிறது. அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி இழுத்துவிட்டோம். மீதிக் காரணம், அவள் மைக்கின் அடிப்பாகத்தைப் பிடித்திருந்தது. பெரும்பாலான கை மைக்குகளில் ஆன்டெனா அங்கேதான் இருக்கும். நடுவில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். மேலே உள்ள வலையையும் கையால் மூடக்கூடாது, மூடினால் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கிக் கூவ ஆரம்பிக்கும்.

கூவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பி மைக் நம்மை ஓர் இடத்தில் கட்டிப்போடும். கார்ட்லெஸ் கைக்கு வந்ததும் பேசுபவர் நடந்து நடந்து ஸ்பீக்கருக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுவார். குழாய்களை மேடைக்கு முன்பக்கமாக, பிள்ளைகளைப் பார்த்தபடி கட்டுங்கள். காலர் மைக் பார்க்க அழகு, ஆனால் வாயிலிருந்து தள்ளி இருப்பதால் சத்தத்தை ஏற்ற வேண்டி வரும், உடனே கூவும். பி.டி. சாருக்கு டிரில் நடத்த இரண்டு கையும் வேண்டும் என்றால் தலையில் மாட்டும் மைக் வாங்கலாம். மற்றவர்களுக்குக் கை மைக்தான்.

டபுள் ஏ செல் போடும் மைக்கையே நான் விரும்புகிறேன். சார்ஜ் ஏற்றும் மைக்கில், ஆண்டு விழா நடுவில் சார்ஜ் இறங்கினால் என்ன செய்வது? செல் என்றால் அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஒரு ஜோடி ஆறேழு மணி நேரம் வரும் மைக் என்றால், தினம் இருபது நிமிட வழிபாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். கோடை விடுமுறைக்கு முன் செல்லைக் கழற்றிவிடுங்கள். ஒரு வருடம் நாங்கள் மறந்தோம், ஜூனில் திறந்தால் உள்ளே உப்புப் பூத்துக் கிடந்தது.

பணம் கொடுக்கும் முன் செட்டைப் பள்ளிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும் காலை நேரமாகவே இருக்கட்டும். ஒருவர் குறள் சொல்லியபடி மேடையிலிருந்து கொடிக்கம்பம், வேப்பமரம், கடைசி வரிசை வரை நடக்கட்டும், சில இடங்களில் ரிசீவருக்கு முதுகைக் காட்டியும் நிற்கட்டும். எங்கே குரல் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மைக்கை அணைத்து அணைத்துப் போட்டும் பாருங்கள். அணைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'படார்' என்றாலோ இரைந்தாலோ அந்தச் செட் வேண்டாம்.

பழைய கம்பி மைக்கைத் தூக்கிப் போட வேண்டாம். எங்கள் மேடையில் அது ஸ்டாண்டில் மாட்டியபடி, ஆம்ப்ளிஃபையரின் இரண்டாவது சாக்கெட்டில் எப்போதும் செருகியே இருக்கும். கார்ட்லெஸ் நின்றால் வாசிக்கும் பிள்ளைக்கு உடனே தெரியாது என்பதால், பக்கத்தில் நிற்கும் மாணவத் தலைவி அவள் தோளைத் தொட்டு அந்த ஸ்டாண்டுக்கு அழைத்துப்போவாள். விட்ட வரியிலிருந்து அவள் தொடரலாம்.